கடல் தாண்டக் காகிதம்

அந்தமானில் பிறந்த பிள்ளை வெளிநாட்டில் படிக்க வேண்டுமென்றால் இரண்டு கடல் தாண்ட வேண்டும். முதல் கடல் மெயின்லேண்ட் வரைக்கும். சென்னையிலோ திருச்சியிலோ இருக்கிறவர்கள் பயண ஏற்பாடு என்று எதைச் சொல்கிறார்களோ, அது எங்களுக்கு அந்த முதல் கடலைத் தாண்டிய பிறகுதான் ஆரம்பமாகிறது. போர்ட் பிளேயரின் அபர்டீன் பஜாரில், மணிக்கூண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், என் அப்பா ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்தார். ராமநாதபுரத்துப் பக்கமிருந்து 1950களில் பி.டபிள்யூ.டி. வேலைக்கு வந்து, அதை விட்டுவிட்டு ஒரு பழைய ரெமிங்டன் மெஷினோடு உட்கார்ந்தவர். நான் அவரிடம் விரல் பழகியவள். இப்போது அதே கடையில் கம்ப்யூட்டரும் ஜெராக்ஸும் இருக்கின்றன. தமிழ்ப் பிள்ளைகள் அக்கா என்பார்கள், வங்காளிகளும் ராஞ்சிக்காரர்களும் தீதி என்பார்கள். இந்தத் தீவிலிருந்து படிக்கப் புறப்பட்டவர்களின் கதை எங்கள் இருவர் கை வழியாகக் காகிதமாகப் போயிருக்கிறது. அதற்கு முந்தைய கதையை ஸ்டேட் லைப்ரரியிலும் பெரியவர்கள் வாயிலும் தேடிச் சேர்த்தேன்.

கடல் தாண்டுவது பாவம் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்குக் கணிதமேதை ராமானுஜனின் புறப்பாடு ஒன்றே போதும். 1913இல் ஹார்டி கேம்பிரிட்ஜுக்கு அழைத்தபோது அவர் மறுத்தார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஹார்டியின் சகா நெவில் சென்னைக்கு வந்து பேசிய பிறகுதான் மனம் மாறினார். நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னதால் அம்மா சம்மதித்ததாகச் சொல்வார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகையும், கப்பல் கட்டணத்துக்கும் உடுப்புக்கும் தனியாகப் பணமும் கொடுத்தது. குடுமியை எடுப்பதற்கு முன்னால் அம்மாவையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு ரயிலேற்றி அனுப்பிவிட்டார், அவர்கள் அந்தத் தலையைப் பார்க்கக் கூடாதென்று. கோட்டு, பூட்ஸ், கத்தி, முள்கரண்டி எல்லாம் அவசர அவசரமாகப் பழக்கினார்கள். 1914 மார்ச் 17 அன்று நெவாசா கப்பல் சென்னையை விட்டுக் கிளம்பியது. அந்த 250 பவுண்டில் 50 பவுண்டு ஊரிலுள்ள குடும்பத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கணிதத்தை விட இந்த ஏற்பாடுகள்தான் மனதில் நிற்கின்றன. ஒரு பையனை அனுப்ப எத்தனை பேர் கூட வேண்டியிருக்கிறது!

அதே சென்னைத் துறைமுகத்திலிருந்துதான் 1911 ஜூனில் மகாராஜா என்ற கப்பல் சாவர்க்கரை ஏற்றிக்கொண்டு எங்கள் தீவுக்குக் கிளம்பியது. ராமானுஜனின் வீட்டார் பயந்த கடலின் பெயர்தான் எங்கள் ஊருக்கும்: காலாபானி. ஆனால் இங்கே பிறந்தவர்களுக்கு அந்தப் பயம் வர வழியே இல்லை. 1858 மார்ச்சில் டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு வந்திறங்கிய நாளிலிருந்து இங்கே குடியேறிய ஒவ்வொருவரும் கடல் தாண்டி வந்தவர்கள்தான். நன்னடத்தைச் சீட்டு வாங்கிய கைதி நிலம் உழலாம், கைதிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளலாம். சாதியும் மதமும் மொழியும் கலந்து பிறந்த அந்தப் பிள்ளைகள்தான் லோக்கல் பார்ன் என்று இன்றைக்கும் மதிப்போடு சொல்லப்படும் குடும்பங்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியது சிறை நிர்வாகம். இந்தியாவின் பெரும்பகுதியில் அப்போது அப்படி ஒரு கட்டாயம் இல்லை. எழுத்துத் தெரிந்த தலைமுறை ஒன்று இங்கே உருவானது. மேலே படிக்கத்தான் இடமில்லை, போகத்தான் அனுமதி வேண்டும். தகப்பனின் நன்னடத்தைச் சீட்டில் தொடங்கி இன்றைய லோக்கல் சர்டிபிகேட் வரைக்கும் இந்தத் தீவில் மனிதர்கள் காகிதத்தின் மேல்தான் நகர்ந்திருக்கிறார்கள்.

பஜாரிலிருந்து மேட்டில் ஏறினால் செல்லுலார் ஜெயில். 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்தது. அங்கே அடைபட்டவர்களில் வெளிநாட்டில் படித்தவர்கள் இருந்தார்கள். சாவர்க்கர் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மாவின் உதவித்தொகையில் 1906இல் லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போனவர். ஹேமச்சந்திர கானூங்கோ தன் சொத்தை விற்று அந்தப் பணத்தில் பாரிசுக்குப் போய் வெடிகுண்டு செய்யக் கற்றவர். அலிப்பூர் வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று இங்கே வந்தார். அவர் கற்றது எதுவாக இருந்தாலும், சொத்தை விற்றுக் கப்பலேறிய அந்த முடிவைப் படித்தபோது என் கடையில் நிலப் பத்திரத்தோடு வந்து நின்ற எத்தனையோ தகப்பன்மார் நினைவுக்கு வந்தார்கள்.

1933 மே மாதம் அங்கிருந்த அரசியல் கைதிகள் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். கேட்டவற்றில் வெளிச்சமும் புத்தகமும் உண்டு. பலவந்தமாக உணவு புகட்டியதில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மைத்ரா மூவரும் இறந்தார்கள். அதன் பிறகு புத்தகங்கள் வந்தன, விளக்கு வந்தது, கைதிகளே ஒருவருக்கொருவர் வகுப்பு எடுத்தார்கள். 1938 தொடக்கத்துக்குள் அவர்கள் எல்லாரையும் மெயின்லேண்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த மூன்று பெயரையும் அபர்டீனில் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ராத்திரியில் விளக்குப் போட்டுப் படிக்கிற உரிமை இந்த மேட்டில் உயிர் கொடுத்து வாங்கப்பட்டிருக்கிறது.

தீவிலிருந்து படிப்பதற்காகவே வெளியே போனவர்களில் நான் அறிந்த மிகப் பழைய கதை கார் நிக்கோபாரில் இருக்கிறது. அதைத் தொடங்கிவைத்தவர் ஒரு தமிழர். வேதப்பன் சாலமன். ஆங்கிலிக்க மிஷனின் உபதேசியாரான அவர் 1896இல் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். அரசாங்க ஏஜென்ட் வேலை, பள்ளிக்கூடம், மருந்து கொடுப்பது, வருகிற கப்பல்களைக் கவனிப்பது என்று எல்லாம் அவர் தலையில். நிக்கோபாரி மொழியைக் கற்றுக்கொண்டார், நாட்குறிப்பு எழுதினார். தன்னிடம் படித்த பையன்களில் சிலரை பர்மாவில் மாண்டலே நகரத்து மிஷன் பள்ளிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். அவர்களில் ஒருவர் பின்னாளில் ஜான் ரிச்சர்ட்சன் என்று அறியப்பட்டார்.

தென்னையும் பன்றியும் கூட்டுக் குடும்பமும் தவிர வேறொன்றும் அறியாத கிராமத்திலிருந்து ஒரு சிறுவன் வேறு மொழி, வேறு சாப்பாடு, சட்டை, பெஞ்சு என்று மாண்டலேயில் போய் உட்கார்ந்ததை யோசித்துப் பாருங்கள். அவனை அனுப்பிவைத்த தாய் தகப்பனுக்கு அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறதென்று காட்ட ஒரு வரைபடம்கூட இருந்திருக்காது. சாலமன் மேல் இருந்த நம்பிக்கை ஒன்றுதான் அவர்களுக்குக் காகிதம். ரிச்சர்ட்சன் 1912இல் ஆசிரியராகத் திரும்பி வந்தார். புதிய ஏற்பாட்டைத் தன் மொழியில் கொண்டுவந்தார். தீவைப் பிடித்திருந்த ஜப்பானியர் காலத்தின் கொடுமைகளைத் தாண்டி உயிரோடிருந்தார். 1950இல் பிஷப் ஆனார். 1952இல் முதல் மக்களவைக்கு இந்தத் தீவுகளின் நியமன உறுப்பினராகப் போனார். பத்மஸ்ரீயும் பத்மபூஷணும் பெற்று 1978இல் மறைந்தார். தமிழ்நாட்டில் சாலமனின் பெயரை அறிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்கு வருத்தமுண்டு. ஒரு சமூகத்தின் முதல் படிப்புப் பயணத்தை நம் ஆள் ஒருவர் ஏற்பாடு செய்திருக்கிறார்.

அப்போது பர்மா வெளிநாடு இல்லை. 1937 ஏப்ரல் 1 அன்று அது இந்தியாவிலிருந்து பிரிந்தது. மகாராஜா கப்பல் கல்கத்தா, ரங்கூன், சென்னை என்று மூன்று பக்கமும் எங்களை இணைத்திருந்த காலத்தில் ரங்கூன் பக்கத்து ஊர் போலத்தான் இருந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் இறங்கியதோடு அந்தப் போக்குவரத்து அறுந்தது. போருக்குப் பிறகு எங்களுக்கு இருந்தது கல்கத்தாவும் சென்னையும்தான்.

அப்பாவின் காலத்தில் பள்ளிப் படிப்பு முடிந்தால் தீவில் அடுத்த படி கிடையாது. 1967இல்தான் அரசுக் கல்லூரி வந்தது, இன்றைய ஜவாஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயா. எங்கள் பஜாருக்குப் பெயர் கொடுத்த ஸ்காட்லாந்து அபர்டீனில் 1495 முதல் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்த அபர்டீன் 1967 வரை காத்திருந்தது. அந்தக் கல்லூரியும் முதலில் சண்டிகரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் 1985இல் தொடங்கிய பிறகு அதற்கு மாறியது. அதுவரை வங்காள விரிகுடாவின் நடுவில் படித்த பையனின் பட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் இமயமலை அடிவாரத்தில் இருந்தார்.

இதன் முழுப் பாரமும் வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரியும். டிரான்ஸ்கிரிப்ட் வேண்டும், அதுவும் பல்கலைக்கழகமே சீல் வைத்து, உறை ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதற்குச் சண்டிகருக்கு மனு, கூடவே டி.டி., சுயவிலாசமிட்ட உறை. தபால் கப்பலிலோ விமானத்திலோ கல்கத்தாவுக்கோ சென்னைக்கோ போய், அங்கிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து சண்டிகர். திரும்பி வருவதும் அதே வழி. அதற்குள் வெளிநாட்டுக் கல்லூரியின் கடைசித் தேதி போய்விடும். அதனால் அப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்தக் கல்லூரி, எந்த நாடு என்று முடிவாவதற்கு முன்னாலேயே டிரான்ஸ்கிரிப்டுக்கு எழுதிப்போடச் சொல்வார். ஒரு தடவைக்கு ஐந்து உறை கேள் என்பார். மெஷினில் எப்போதும் மூன்று கார்பன் வைத்துத் தட்டுவார். ஒரு நகல் பிள்ளைக்கு, ஒன்று கடைக்கு, ஒன்று பிள்ளையின் அம்மாவுக்கு. படிக்கத் தெரியாத அம்மாக்களும் அதை வாங்கி டிரங்குப் பெட்டிக்குள் வைத்துக்கொள்வார்கள். பிள்ளை எங்கே போயிருக்கிறான் என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட அது ஒன்றுதான் அவர்களிடம் இருந்தது.

வெளிநாடு என்பது அப்போது ஆயிரத்தில் ஒருவருக்குத்தான். பெரும்பாலோருக்குப் பெரிய கனவே மெயின்லேண்ட் சீட்டுதான். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தீவுப் பிள்ளைகளுக்கென்று மெயின்லேண்ட் கல்லூரிகளில் ஒதுக்கிய இடங்கள் உண்டு. டெய்லி டெலிகிராம்ஸ் பேப்பரில் பட்டியல் வந்த அன்றைக்குப் பஜாரில் அந்தப் பேப்பர் கையிலிருந்து கைக்குப் போகும். பெயர் வந்த வீட்டில் பெட்டி வாங்குவார்கள், தையல்காரரிடம் இரண்டு பேண்ட் தைப்பார்கள், முருகன் கோயிலில் அர்ச்சனை வைப்பார்கள். ஹாடோ துறையிலிருந்து ஹர்ஷவர்தனாவோ அக்பரோ நன்கவுரியோ கிளம்பினால் சென்னைக்கு மூன்று நாள் பயணம். பங்க் டிக்கெட் என்றால் கீழ்த்தட்டில் வரிசைப் படுக்கை. புளிச்சோறும் எலுமிச்சங்காயும் கட்டிக் கொடுப்பார்கள். அங்கே போய் ஹாஸ்டலில் சேர்ந்து, ரயிலைப் பார்த்து, பெரிய நகரத்து அலுவலகங்களின் ஜன்னல்களில் நின்று பழகிய பிறகுதான் சிலருக்கு வெளிநாடு என்ற எண்ணமே வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு மெயின்லேண்ட்தான் வெளிநாட்டுக்கான ஒத்திகை.

நேராக இங்கிருந்தே முயன்றவர்கள் சிலரையும் பார்த்திருக்கிறேன். சாத்தம் மர மில் தொழிலாளி ஒருவரின் மகன் அமெரிக்காவில் கடல் உயிரியல் படிக்க ஆசைப்பட்டான். டோஃபல் தேர்வுக்குச் சென்னை போக வேண்டும். அவன் கடைக்கு வரும்போது ஒரு கையில் தேர்வு நாட்காட்டி, இன்னொரு கையில் கப்பல் அட்டவணை. இரண்டையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்தக் கப்பலில் போனால் எந்தத் தேதி கிடைக்கும் என்று பென்சிலில் கோடு போடுவான். விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு வந்து ஒரு தடவை கப்பல் தள்ளிப்போனது. தேர்வு போனது, கட்டணமும் போனது. அவன் அடுத்த தேர்வுக்கு மூன்று வாரம் முந்தியே கிளம்பி, ராயபுரத்தில் உறவினர் வீட்டில் தங்கி எழுதினான். அன்றைக்கு அந்நியச் செலாவணி வாங்குவதும் தனிப் போராட்டம். 1973 சட்டத்தின் கீழ் ஒவ்வொரு டாலருக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். அவனுக்காக நான் தட்டிய கடிதங்களை அடுக்கினால் ஒரு புத்தகம் தேறும். போய்ப் படித்தான்.

இந்தத் தொழிலில் நான் மறக்க முடியாத காலம் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகான மாதங்கள். கார் நிக்கோபார், கட்சால், கமோர்ட்டா, கேம்ப்பெல் பே பக்கமிருந்து பிழைத்தவர்கள் போர்ட் பிளேயர் முகாம்களுக்கு வந்தார்கள். கட்சாலில் ரப்பர் தோட்டத்துக்காகக் குடியேற்றப்பட்ட, இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களும் அவர்களில் உண்டு. சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் ஒரு கடலைத் தாண்டி வந்தவர்கள் இன்னொரு கடலிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு நின்றார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லை, மார்க் ஷீட் இல்லை, சாதிச் சான்றிதழ் இல்லை, தகப்பனே இல்லை. பிள்ளைகள் என் முன்னால் உட்கார்ந்து பெயர், பள்ளி, படித்த ஆண்டு என்று நினைவிலிருந்து சொல்லச் சொல்ல நான் அஃபிடவிட் தட்டினேன். அவர்களிடம் காசு வாங்கவில்லை, பஜாரில் ஜெராக்ஸ் கடைக்காரர்களும் நோட்டரிகளும்கூட வாங்கவில்லை. நகல் சான்றிதழ்கள் பிறகு வந்தன. இன்றைக்கும் அந்த வயதுக்காரர்கள் யாராவது வெளியூர் விண்ணப்பத்துக்கு வந்தால் மார்க் ஷீட்டின் மூலையில் நகல் என்ற முத்திரையைப் பார்க்கிறேன். எந்த வெளிநாட்டு அதிகாரிக்கும் விளக்கக் கடிதம் வைத்தே அனுப்ப வேண்டியிருக்கிறது.

வங்கிகள் வெளிநாட்டுப் படிப்புக்கு 15 லட்சம் வரை கடன் தரும் மாதிரித் திட்டம் 2001இல் வந்தது. அதற்குப் பிறகுதான் சாதாரண வீடுகளிலும் இந்தப் பேச்சு எழுந்தது. ஆனால் பெரிய தொகைக்கு ஈடு கேட்பார்கள். தமிழ்நாட்டில் பட்டாவைக் காட்டுவது போல இங்கே காட்ட முடியாது. 1966 நில ஒழுங்குமுறைப்படி இங்குள்ள நிலமெல்லாம் மத்திய அரசுடையது, நம்மிடம் இருப்பது அனுபோக உரிமை. அதை மெயின்லேண்ட் கிளைக்கு விளக்குவதற்கு மட்டும் எத்தனையோ பக்கம் தட்டியிருக்கிறேன். மருத்துவம் படிக்க ரஷ்யா, சீனா, பிலிப்பைன்ஸ் என்று பேச்சு வந்ததும் இதே காலத்தில்தான். 2015இல் இங்கேயே நூறு இடங்களோடு மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது பல தாய்மார் நிம்மதி அடைந்தார்கள். நானும்தான்.

என் அறிவில் இந்தத் தீவின் படிப்பை மிக அதிகமாக மாற்றியது ஒரு கம்பி. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலடியில் இழுத்த ஒளியிழைக் கேபிள் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். போர்ட் பிளேயரோடு சுவராஜ் தீவு, லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் எல்லாம் அதில் சேர்ந்தன. அதற்கு முன்பு செயற்கைக்கோள் இணைப்பில் ஒரு விண்ணப்பத்தை ஏற்ற ராத்திரி இரண்டு மணிக்குக் கடை திறந்து உட்கார்ந்திருக்கிறோம். பாதியில் அறுந்தால் முதலிலிருந்து. கொரோனா ஆண்டில் டோஃபலை வீட்டிலிருந்தே எழுதலாம் என்று அறிவித்ததும், அதே ஆண்டில் கேபிள் வந்ததும் எங்களுக்கு ஒன்றாகக் கூடிவந்தன. டைரி ஃபார்ம் பகுதியில் ஒரு பெண் தன் வீட்டு அறையிலேயே உட்கார்ந்து தேர்வு எழுதினாள். தெருநாய் குரைக்கக் கூடாதென்று அவள் சித்தப்பா வாசலில் காவல் இருந்தார். கப்பல் அட்டவணையைப் பார்க்காமல் தேர்வு எழுதிய தலைமுறை அன்றைக்கு இங்கே ஆரம்பமானது.

இரண்டு கடல் இன்னும் ஒன்றாகிவிடவில்லை. அமெரிக்க விசாவுக்கு அந்தமான் சென்னைத் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறது, நேரில் போகத்தான் வேண்டும். பிரிட்டனுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும், அதற்கும் சென்னை அல்லது கல்கத்தா. வரைபடத்தைப் பார்த்தால் கிரேட் நிக்கோபாரின் தெற்கு முனையிலிருந்து இந்தோனேசியாவின் ஆச்சே இருநூறு கிலோமீட்டருக்கும் குறைவு. போர்ட் பிளேயரிலிருந்து சென்னை 1,300 கிலோமீட்டருக்கும் மேல். வெளிநாடு பக்கத்தில் இருக்கிறது, வெளிநாட்டுக்குப் போகிற அனுமதி தூரத்தில் இருக்கிறது.

இப்போது என் மேசையில் கார் நிக்கோபார்ப் பெண் ஒருத்தியின் கோப்பு இருக்கிறது. பழங்குடி மாணவர்களுக்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறாள். நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 20 பேருக்குத்தான் அது. தகுதி இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது. சிக்கல் காகிதத்தில். பள்ளிச் சான்றிதழில் ஒரே பெயர், ஆதாரில் அதோடு தகப்பன் பெயர், பாஸ்போர்ட்டில் இரண்டும் இடம் மாறி. பிறந்த ஊர் போர்ட் பிளேயர் என்று சான்றிதழ் சொல்கிறது. 2024 செப்டம்பரிலிருந்து ஊர் ஸ்ரீ விஜய புரம். வெளிநாட்டில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே ஊர் என்று எப்படித் தெரியும்? மூன்று பெயரும் ஒருவரே என்று ஒரு அஃபிடவிட், இரண்டு ஊரும் ஒன்றே என்று அரசாணை நகலோடு ஒரு கடிதம், தகப்பனின் வருமானச் சான்றிதழ். நிர்வாகம் இந்த மூன்றையும் ஒரே ஜன்னலில், கார் நிக்கோபாரிலேயே கொடுத்தால் அவள் கப்பலேறி இங்கே வந்து தங்கியிருக்க வேண்டியதில்லை. இதைக் கேட்டு ஒரு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது, மூன்று கார்பனுக்குப் பதில் மூன்று பிரிண்ட். ஒன்று அவளுடைய அம்மாவுக்கு.